பின்பு உத்திரம்

அவிநாசிபாளையத்தைத் தாண்டி, தாராபுரம் சாலையில் இருக்கிறது அந்தப் பனியன் கம்பெனி. அங்கே வேலை செய்பவர்கள் நாள் கிழமை எதுவானாலும் டைம் ஆபீஸ் அமராவதியிடம்தான் விசாரிப்பார்கள். கிருத்திகை என்றைக்கு, அமாவாசை இன்றா நாளையா, புது ஊட்டுக்குப் பால் காய்ச்ச நல்ல நேரம் எது? கைரேகை வைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு அவள் சொல்லுவாள். கேட்டவர்கள் மறுபேச்சுப் பேசாமல் போய்விடுவார்கள்.

அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஐந்து தினசரிக் காலண்டர்கள் தொங்கும். நூல் கடை, பட்டன் கடை, அட்டைப்பெட்டிக் கம்பெனி என்று ஆளுக்கொன்று தந்தவை. காலையில் வந்ததும் ஐந்திலும் தாளைக் கிழித்துவிட்டுத்தான் உட்காருவாள். கிழித்ததை எறிவதில்லை. கிளிப்பில் சேர்த்து வைத்துக்கொண்டு, லீவு கேட்டு வருகிறவர்களின் பெயரை அதன் முதுகில் எழுதுவாள். போன நாளின் முதுகில் வரப்போகும் நாளை எழுதுவதில் அவளுக்கு வினோதமாக எதுவும் தோன்றியதில்லை.

நெசவுக் குடும்பம். பிறந்தது சென்னிமலைக்குப் பக்கம். முருகன் கோயில் நாட்களை வைத்துத்தான் அவள் வீட்டில் வருசத்தை எண்ணுவார்கள். செக்கிங் வேலைக்கு வந்தவளின் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் டைம் ஆபீஸில் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து டிசம்பர் மாதம் தோறும் கம்பெனியின் விடுமுறைப் பட்டியலை எழுதுவது அவள்தான். சம்பளத்தோடு விடுமுறை ஒன்பது நாள். அதில் நான்கு, குடியரசு நாள், சுதந்திர நாள் என்று தேசத்துக்குப் போய்விடும். மீதி ஐந்து நாளை நானூறு பேருடைய சாமிகளுக்குப் பங்கிட வேண்டும்.

ஐந்து நாளில் அடங்குகிற காரியமா அது? பொங்கலும் ஆயுத பூஜையும் தீபாவளியும் போனால் கையில் என்ன மிஞ்சும்? பீகார்ப் பையன்களுக்குத் தீபாவளியைவிட அது கழிந்து ஆறாம் நாள் பெரிது. தண்ணீரில் நின்று சூரியனைக் கும்பிட வேண்டும், அதற்காக மூன்று நாள் ரயிலில் போவார்கள். குண்டடம் பக்கத்துப் பெண்கள், ஊரில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டு ஆகி நோன்பு தொடங்கிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்க மாட்டார்கள். தெற்கத்திக்காரர்களுக்குப் பங்குனி உத்திரம். அன்றைக்குச் சாஸ்தா கோயிலில் போய் நிற்காதவனை அங்கே ஒரு குடும்பத்தின் ஆளாகவே எண்ண மாட்டார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு அமராவதி ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்தாள். யாரும் சொல்லி அவள் இதைத் தொடங்கவில்லை. கேட்டால் மனிதர்கள் சந்தோஷமாகச் சொன்னார்கள். அவளுக்குத் தெரிந்துகொள்ளப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

மூன்று வருசத்துக்கு முன்னால் மேனேஜர் அருள்செல்வன் அந்த நோட்டைப் பார்த்துவிட்டான். முதலாளிக்குச் சொந்தம், முப்பத்தைந்து வயது, சிரித்த முகம்.

"ஏனுங்க அக்கா, இத்தன நாளா இத எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று பக்கம் பக்கமாகப் புரட்டினான். "எவன் எந்த மாசம் ஓடுவான்னு அத்தனையும் இருக்குதே! இது தெரியாமத்தானுங்க ஒவ்வொரு ஷிப்மெண்டுக்கும் நான் தலையப் பிச்சுக்கறேன்."

அங்கேயே நின்று எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்துக்கொண்டான். அதன் பிறகு, யார் எப்போது ஊருக்குப் போவார்கள் என்பதை வைத்து ஆர்டர் போடுவதும், எந்தத் திருவிழாவுக்கு முன்னால் எந்த டேபிளுக்குக் கூடுதல் ஆள் சேர்ப்பது என்பதும் அந்த நோட்டிலிருந்தே கிளம்பின. அமராவதிக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது. பிற்பாடு எல்லாவற்றுக்கும் ஏதாவது சமாதானம் தேடியவள், அந்தப் பெருமையை மட்டும் தன்னிடமிருந்து மறைக்க முயலவில்லை.

போன வருசம் பங்குனியில் நடந்தது இது.

உத்திரத்துக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை டீ நேரத்தில், செக்கிங் செக்சன் ஆஷா சன்னலில் வந்து நின்றாள். ராதாபுரம் பக்கத்துப் பெண், கிறிஸ்தவக் குடும்பம்.

"அக்கா, உத்திரத்துக்குச் செவ்வாய்க்கிழமைன்னு லீவு எழுதுறீங்களாமே? எங்க ஊர்ல திங்கக்கிழமைங்காவ."

"காலண்டர்ல செவ்வாய்னு போட்டிருக்குது கண்ணு. பழனியில தேரும் செவ்வாய்தான்."

"பழனிக்குச் சரிக்கா. எங்க தெருவுல பாதிப் பேரு சாஸ்தா கோயிலுக்குப் போறவிய. எல்லாரும் திங்கக்கிழமைக்குத்தான் வேன் பேசியிருக்காவளாம். அம்மா போன்ல சொன்னா. ராத்திரிப் பூசைல்லா."

அமராவதி சிரித்தாள். "ஏங் கண்ணு, நீ ஞாயித்துக்கிழமைக்காரி. உனக்கெதுக்கு எங்க சாமி கணக்கு?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆஷாவும் சிரித்துவிட்டு, "என்னமோ, காதுல விழுந்துச்சு, சொன்னேன்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு அமராவதி எழுந்து காலண்டரில் திங்கட்கிழமைத் தாளைத் தூக்கிப் பார்த்தாள். 'பூரம் காலை 10.50 வரை, பின்பு உத்திரம்' என்று சின்ன எழுத்தில் இருந்தது. செவ்வாய்த் தாளில் உத்திரம் காலை பதினொன்றரை மணி வரைக்கும்தான். அவளுக்கு விசயம் உடனே விளங்கிவிட்டது. சூரியன் உதிக்கையில் எந்த நட்சத்திரமோ அதுவே அந்த நாள் என்று வைத்தால் செவ்வாய். ராத்திரி பூசைக்கு நட்சத்திரம் வேண்டுமென்றால் திங்கட்கிழமை ராத்திரி ஒன்றுதான் உண்டு. இரண்டும் சரி. வானத்தில் போகிற ஒன்றுக்கு இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது. அதை நாளாக வெட்டிப் பெயர் வைப்பது மனிதர்கள். அவரவர் கோயில் வாசலில் நின்று அவரவர் வெட்டிக்கொள்கிறார்கள்.

ஆஷாவைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். அதற்குள் அருள்செல்வன் வந்துவிட்டான்.

"அக்கா, செவ்வாய்க்கிழமை விடியக் கண்டெய்னர் கிளம்போணும். திங்கக்கிழமை ஒரு ஆள் கொறஞ்சாலும் ஆவாது. அந்தத் தெக்கத்திக்காரங்க எப்பங்க போறாங்க?"

அவள் காலண்டர்த் தாளைக் கீழே விட்டாள். "செவ்வாய்ங்க" என்றாள்.

"அப்பறமென்ன, முருகனே பாத்துப் போட்ட நாளுங்க!" மேசையில் தட்டிவிட்டு அவன் போனான்.

மறுநாள் காலை இசக்கிமுத்து வந்தான். அயர்ன் மாஸ்டர். நாங்குநேரிக்குத் தெற்கே ஏதோ ஒரு கிராமம். இங்கே வந்து பதினெட்டு வருசம் ஆகியிருந்தது. நீராவிப் பெட்டியைப் பிடித்துப் பிடித்து வலது கை மட்டும் ஒரு சுற்றுப் பெருத்திருக்கும். வேலையில் பேச மாட்டான். அமராவதியிடம் மட்டும் பேசுவான்.

"அக்கா, இந்த வருசம் உத்திரத்துக்கு நான் கண்டிப்பாப் போவணும். எங்கண்ணன் வரச் சொல்லியிருக்கான்."

அண்ணன் குருசாமி மும்பையில் இருந்தான். பதினோரு வருசத்துக்கு முன்னால், அப்பன் செத்த பதினாறாம் நாள், கடைசிக் காலத்தில் யார் பார்த்தது, யார் பார்க்கவில்லை என்று ஒரு பேச்சு வந்து, அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஆனாலும் உத்திரத்துக்கு இரண்டு பேரும் ஊருக்கு வராமல் இருந்ததில்லை. அண்ணன் பகலில் வந்து பொங்கலிட்டுப் போவான். தம்பி இருட்டிய பிறகு வந்து பூசை பார்ப்பான். ஒரே கோயிலில் ஒருவன் அணைத்த அடுப்பின் சூடு ஆறுவதற்குள் அடுத்தவன் அடுப்பு மூட்டினான். பதினோரு வருசம்.

"உடம்பு சரியில்லியாம்க்கா. ஈரல்ல என்னமோ. மதினி ஒரு ஆள்கிட்டச் சொல்லி விட்டிருக்கா. 'உத்திரத்துக்கு வரச் சொல்லுங்க, ரெண்டு பேரும் சேந்து நிக்கணுமாம்'னு. அவனாச் சொல்லி விட்டிருக்கான் பாத்துக்கோங்க." சொல்லும்போதே அவன் முகம் சின்னப் பையனுடையதுபோல் ஆகியது. "என்னைக்குக்கா உத்திரம்? செவ்வாயா?"

அவனிடம் ஊரில் கேட்டுப் பார் என்று சொல்ல ஒரு நிமிசம் போதும். மேசைமேல் அருள்செல்வன் டிக் அடித்துக் கொடுத்த திங்கட்கிழமைப் பட்டியல் இருந்தது. அயர்ன் டேபிள் ஆறிலும் பெயர் நிரம்பியிருந்தது. முதல் பெயர் இசக்கிமுத்து. அவள் திரும்பிக் காலண்டரைப் பார்த்தாள், அதில் புதிதாக ஏதோ இருந்துவிடப் போவதுபோல.

"செவ்வாய்தானுங்க தம்பி" என்றாள். "திங்கக்கிழமை வேலைய முடிச்சுப் போட்டு ராத்திரி பஸ்ஸுக்குப் போங்க. விடிய்ய ஊர்ல இருப்பீங்க."

"அது போதும்க்கா" என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை வந்தவன் அவன். வியாழக்கிழமையே அவளுக்குத் தெரியும். இதை வைத்துப் பார்த்தால் அவள் செய்தது பொய். காலண்டரை வைத்துப் பார்த்தால் பொய் இல்லை. தன் வாழ்நாளில் எதற்கும் இத்தனை தெளிவான இரண்டு பதில்கள் இருந்து அவள் பார்த்ததில்லை.

இசக்கிமுத்து புதன்கிழமையே வேலைக்கு வந்துவிட்டான். இரண்டு நாள் லீவு எழுதியிருந்தவன்.

"என்ன தம்பி, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"முடிஞ்சு போச்சுக்கா. திங்கக்கிழமையே முடிஞ்சு போச்சு."

அவன் சன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். விடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்துப் போய் இறங்கியிருக்கிறான். கோயிலில் யாரும் இல்லை. அடுப்புக் கல் அங்கங்கே கிடந்திருக்கிறது, சாம்பலில் நாய் படுத்திருக்கிறது. பூசாரி மட்டும் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தவர், "ஏம்லே, இப்பத்தான் உனக்கு உத்திரமா? ஒங்கண்ணன் விடியவும்தான்லே கிளம்பிப் போனான்" என்றிருக்கிறார். குருசாமிக்கு அன்று காலை திருநெல்வேலியில் மும்பை ரயில்; இவன் இறங்கியபோது அது கிளம்பிவிட்டிருந்தது. ராத்திரி பூசை முடிந்தும் படுக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, விடிந்ததும்தான் எழுந்து போயிருக்கிறான்.

"எங்க கோயில்ல வரி குடுத்தவன் பேரச் சொல்லிப் படையல்ல பங்கு வைப்பாவ. அவன் எம்பேருக்கும் வரி கட்டியிருக்கான்க்கா. எம்பங்க வாங்கி, துண்டுல முடிஞ்சு, வாசல் மரத்துல கட்டித் தொங்கவிட்டுட்டுப் போயிருக்கான். சோறெல்லாம் ஊசிப் போச்சு. தேங்கா மட்டும் நல்லாருந்துச்சு. எறும்பத் தட்டிட்டுத் தின்னேன்."

"போன் பண்ணீங்களா?"

"பண்ணினேன். மதினிதான் எடுத்தா. நாள் மாறிப் போச்சு மதினின்னேன். 'உத்திரம் எப்பம்னு தெரியாத ஆளாடே நீ? வர இஷ்டமில்லைன்னா சொல்லிருக்கலாம்லா'ன்னு வெச்சுட்டா." அவன் சன்னல் கட்டையை விரலால் தேய்த்தான். "அவ சொல்லுததும் சரிதான். நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். எங்க ஊர்ல ஒருத்தன் எத வேணா மறப்பான். இத மறந்துட்டேன்னு சொன்னா, அது வேற அர்த்தம்."

உண்மை அமராவதியின் வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவன், "நீங்க என்ன பண்ணுவீங்க, காலண்டர்ல உள்ளதத்தான சொன்னீங்க" என்றான். அந்த ஒரு வாக்கியத்தை அவள் பிடித்துக்கொண்டாள். அதைப் பிடித்துக்கொண்டே ஒரு வருசம் இருந்தாள்.

ஆனி மாதம் குருசாமி இறந்துபோனான். இசக்கிமுத்து ரயிலில் மும்பைக்குப் போய்ச் சேருவதற்குள் எரித்துவிட்டிருந்தார்கள். மதினி அவனை வா என்று சொல்லவில்லை. கருமாதி வரை இருக்கிறேன் என்றவனிடம் அவளுடைய தம்பிகள், "உசிரோட கூப்பிட்டப்ப வராதவன் இப்ப எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் திரும்பி வந்து அயர்ன் டேபிளில் நின்றான். யார் கேட்டாலும், அண்ணன் தவறிப்போனான் என்று மட்டும் சொன்னான்.

அமராவதி தன் வீட்டுக்காரரிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னாள். நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர், நிதானமான ஆள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "காலண்டர்ல இருந்ததத்தான சொன்ன? அவன் ஊர்க்காரங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமல்ல? உடு" என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அவளுக்கு அதனால் ஆறுதலும் இல்லை.

சஷ்டி விரதம் இருந்தாள். சென்னிமலைப் படி அத்தனையும் ஏறி முருகனிடம் சொன்னாள். பதில் பேசாத ஒருவரிடம் ஒப்புக்கொள்வதில் கஷ்டம் எதுவும் இல்லை என்பது இறங்கி வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வேண்டிய ஆள் கம்பெனியில், அவள் சன்னலிலிருந்து நாற்பது அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். தினம் காலையும் மாலையும் அவள் கண்ணெதிரே கைரேகை வைத்தான். "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. அதற்கெல்லாம் யாரும் வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள். இருபத்திரண்டு வருசமாக அவள் நாள் சொல்பவள். அந்தச் சன்னலில் வந்து நிற்கிற ஒவ்வொரு முகத்திலும் ஒரு நம்பிக்கை இருக்கும். அது இல்லாமல் அவள் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. இதை நல்ல காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் காரணம் அதுதான்.

டிசம்பரில் விடுமுறைப் பட்டியல் எழுதினாள். நோட்டில் புதிதாக எதையும் எழுதவில்லை. இந்த வருசம் பங்குனியில் தெற்கத்திக்காரர்கள் சன்னலுக்கு வந்தபோது, "உங்க கோயில்ல கேட்டுட்டு வந்து சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றாள். "என்னக்கா, காலண்டரெல்லாம் பழுதாயிருச்சா?" என்று ஒருவன் கேலி பேசினான். அருள்செல்வன் வந்து, "அக்கா, இப்பிடி ஆளாளுக்கு ஒரு நாளச் சொன்னா நான் எப்பிடிங்க பிளான் போடறது?" என்று முகம் சுளித்தான். இசக்கிமுத்து மட்டும் லீவு கேட்கவில்லை. அன்று முழுக்க அயர்ன் டேபிளில் நின்றான். பத்தொன்பது வருசத்தில் அவன் ஊருக்குக் கிளம்பாத முதல் உத்திரம் அது.

வைகாசி கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு மணி அடித்த பிறகு வந்தான்.

"அக்கா, ஒரு நாள் பாத்துச் சொல்லணும்."

அவள் திறந்த சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

"எங்கண்ணனுக்கு ஆனில வருசத் திதி வருது. அவிய ஊருக்கு வந்து, திருச்செந்தூர் கடல்ல வெச்சுச் செய்யுதாவளாம். எனக்குச் சொல்லல. சொல்லவும் மாட்டாவ. நான் இங்கன கொடுமுடி போயாவது எள்ளுந்தண்ணியும் எறைக்கலாம்னு. அவன் செத்தது விடியுதுக்கு முன்னாடி. திதி எதுன்னு நீங்க பாத்தாத்தான் சரியா இருக்கும்."

நீங்கள் பார்த்தால்தான் சரியாக இருக்கும். அமராவதி காலண்டர் பக்கம் திரும்பவில்லை.

"உள்ள வாங்க தம்பி. உக்காருங்க."

"பரவால்லக்கா, நிக்கேன்."

"உக்காருங்க. நான் ஒண்ணு சொல்லோணும்."

சொன்னாள். ஆஷா சொன்னதை, தாளைத் தூக்கிப் பார்த்ததை, மேனேஜர் கேட்டதை, அவன் பெயர் பட்டியலில் முதலில் இருந்ததை. எதையும் விடவில்லை, எதையும் சாக்காக எடுத்து வைக்கவும் இல்லை. அவன் அவளைப் பார்க்காமல் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆஷாவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான் கடைசியில்.

"ஆமாங்க."

"அவ சர்ச்சுக்குப் போறவ. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "எனக்கே மனசுல இருந்துச்சுக்கா. ராத்திரிப் பூசைக்கு நட்சத்திரம் நிக்கணுமேன்னு. ஊர்ல யாருகிட்டயாவது கேட்டா, அண்ணன் வாரான்னதும் ஓடி வாரான் பாருன்னு பேசுவானுவளேன்னு கேக்கல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு..."

"உங்க மதினி நம்பரு குடுங்க. நான் பேசறேன்."

"எதுக்கு?"

"நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க. அது வேற அர்த்தம்னு நீங்கதான் சொன்னீங்க. நான் சொல்றேன்."

அவன் ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு போனை எடுத்து நம்பரைக் காட்டினான். அவள் தன் போனில் அடித்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"யாரு?" என்றது ஒரு குரல். பின்னால் குக்கர் சத்தம்.

"திருப்பூர்ல இருந்து பேசறனுங்க. இசக்கிமுத்து வேலை செய்யற கம்பெனிங்க, டைம் ஆபீசுங்க."

"அவனுக்கு என்ன?"

"அவருக்கு ஒண்ணுமில்லீங்க. போன வருசம் உத்திரத்துக்கு அவருக்கு நாள் சொன்னது நானுங்க. தப்பாச் சொன்னேன். திங்கக்கிழமைன்னு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. கம்பெனியில அன்னைக்கு ஆள் வேணும்னு செவ்வாய்னு சொல்லிட்டனுங்க. அவரு என்னய நம்பித்தான் வந்தாரு. வரக் கூடாதுன்னு இருக்கலீங்க."

மும்பையில் யாரோ அடுப்பை அணைத்தார்கள். குக்கர் சத்தம் நின்றது.

"நீங்க எந்த ஊரு?"

"சென்னிமலைப் பக்கமுங்க."

"எங்க சாஸ்தா கோயிலு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தெரியாத கோயிலுக்கு எப்பிடி நாள் சொன்னிய?"

இருபத்திரண்டு வருசத்தில் அமராவதியிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

"சொல்லியிருக்கக் கூடாதுங்க" என்றாள்.

"ராத்திரி பூரா அவரு ரோட்டப் பாத்துட்டே இருந்தாரு. ஒவ்வொரு வண்டி வெளிச்சத்துக்கும் எந்திச்சாரு. நிக்க முடியாது, என் தோளப் பிடிச்சிட்டு எந்திச்சாரு. 'அவன் வர மாட்டான்ட்டி, நானும் அவன அப்பிடித்தான பேசுனேன்'ன்னாரு. அந்த நெனப்போடதான் போனாரு. இப்பம் சொல்லுதிய. இத நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

இசக்கிமுத்து எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். ஐந்து காலண்டர்களுக்கும் எதிரே. மதினி போனை வைக்கவில்லை. அமராவதி காத்திருந்தாள்.

"அவன் பக்கத்துல இருக்கானா?"

"இருக்கறாருங்க."

"பேச வேண்டாம். எனக்கு இப்பம் அவன்கிட்டப் பேச முடியாது. ஆனி மாசம் ரெண்டாவது புதங்கிழமை திதி. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே திருச்செந்தூருக்கு வரச் சொல்லுங்க. எம் மவன்கூட நின்னு அவனும் எறைக்கட்டும்." குரல் ஒருமுறை தடுமாறி, மறுபடி இறுகியது. "நாள நான் சொல்லுதேன். வேற யாரும் பாத்துச் சொல்ல வேண்டாம்."

போன் வைக்கப்பட்டது.

அமராவதி கிளிப்பிலிருந்து ஒரு தாளை உருவினாள். பேனாவை எடுத்தவள், பழக்கத்தில் எழுந்து ஆனி மாதத் தாள்களைத் தூக்கிப் பார்த்தாள். விடிவதற்கு முன்னால் இறந்தவனுக்கு அவளுடைய கணக்கில் திதி வியாழக்கிழமை வந்தது. இன்னொரு தடவை பார்த்தாள். வியாழன்தான். தாள்களைக் கீழே விட்டாள். உட்கார்ந்து, 'இசக்கிமுத்து, அயர்ன், அண்ணன் திதி' என்று எழுதி, அதற்கு எதிரே 'புதன்' என்று எழுதினாள். செவ்வாயையும் சேர்த்து இரண்டு நாள் லீவு போட்டாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். தாளை வாங்கி ஒருமுறை படித்தான்.

"இதானா?"

"உங்க மதினி சொன்னதுங்க."

அவன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். கதவு வரை போனவன் நின்றான். ஏதோ சொல்லப் போகிறான் என்று அவள் நிமிர்ந்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. அவன் கைரேகை வைத்துவிட்டு உள்ளே போனான். தினமும் சொல்லும் "வாரேன்க்கா"வை அன்று சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.